கயிற்றின் மறுமுனையில் மச்சான்

அன்புராசா ஐஸ் மலை ஏறப் போகிறார் என்ற செய்தி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் அன்புராசாவுக்குத் தெரியவந்தது. மனைவி ரதி அவருடைய பெயரைக் கம்பெனிக்குத் தொலைபேசியில் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மகள் கஜனி வகுப்பில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்திருந்தாள்.

"ஐஸ் மலையோ? எனக்கோ? ஆரின்ரை யோசினை இது?"

"கம்பெனி கூட்டிக்கொண்டு போகுது. எல்லாரும் போகினம். நீங்களும் போங்கோ."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

ரதி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "விட்பி பிளாண்ட் ஆக்களும் வருகினமாம்."

அன்புராசாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் வேலை செய்தது கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கம்பெனி. அதற்கு ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலை, கிழக்கே விட்பியில் இன்னொன்று. குளிர்காலத்தில் ஒருமுறை தொழிலாளரை எங்காவது அழைத்துப் போவது அங்கே வழக்கம். முந்தின வருடம் பந்து உருட்டும் போலிங். அதற்கு முந்தின வருடம் ஓர் உணவகத்தில் வான்கோழி. 1997இல் புதிதாக வந்திருந்த ஓர் இளம் அதிகாரி, தொழிலாளர்களுக்கிடையே நம்பிக்கை வளர வேண்டுமென்று வழிகாட்டியோடு பனியில் நடப்பதையும் உறைந்த பாறையில் ஏறுவதையும் தேர்ந்தெடுத்திருந்தார். விட்பித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் நவரட்ணம். ரதியின் மூத்த அண்ணன். அன்புராசாவும் நவரட்ணமும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருடம்.

அதற்கு முன்பு அவர்களைப்போல ஒட்டிய மச்சான்மார் கிடையாது. நாட்டைவிட்டு வந்த புதிதில் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரே அறையில் இரண்டு குடும்பங்களும் இருந்தன. ஒரே குளிர்கோட்டைப் பகல் வேலைக்கு ஒருவரும் இரவு வேலைக்கு மற்றவருமாகப் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு நவரட்ணம் விட்பியில் புதுவீடு வாங்கினார். அதன் குடிபூரலுக்கு அழைப்பு வந்தது. எப்படி வந்தது என்பதுதான் பிரச்சினை. வேலை முடிந்து வந்த அன்புராசா, கோட்டைக்கூடக் கழற்றாமல், தொலைபேசியின் பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு மினுங்குவதைக் கண்டு பொத்தானை அழுத்தினார். "ஞாயிற்றுக்கிழமை குடிபூரல், எல்லாரும் வாங்கோ" என்றது கருவி. அவ்வளவுதான்.

சொந்தத் தங்கை வீட்டுக்கு, கூடப்பிறந்தவன், கதவைத் தட்டி வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து அழைக்கவில்லை. மெஷினுக்குச் சொன்னான். அடுத்த கட்டடத்து நீக்கிலாப்பிள்ளைக்கு நேரில் அழைப்பாம் என்று கேள்விப்பட்டபோது அன்புராசாவின் கோபம் கெட்டியாகிவிட்டது. அவர் குடிபூரலுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது.

இப்போது கஜனி பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்திய வீட்டுச் சடங்குக்கு ஏப்ரல் மாதம் மண்டபம் எடுத்து வைத்தாயிற்று. பாலும் அறுகும் வைத்து நீர் வார்க்க, தேங்காய் உடைக்க, தாய்மாமன் வேண்டும். கஜனிக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன். அன்புராசா அந்தத் தாய்மாமனுக்கு அழைப்பிதழை உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, தபாலில் அனுப்பினார்.

இதை ரதி அறிந்தது நவரட்ணத்தின் மனைவி கல்யாணி சொல்லித்தான். ரதி கத்தவில்லை. சோற்றுக் கோப்பையைக் கணவன் முன் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணை வராட்டி ஹோலைக் கான்சல் பண்ணுங்கோ. தாய்மாமன் இல்லாமல் என்ரை பிள்ளையை நான் மேடையிலை ஏத்தமாட்டன். வாற சனம் எல்லாம் 'மாமன் எங்கை, மாமன் எங்கை' எண்டு கேக்க நான் என்ன, சுகமில்லை எண்டு சொல்லுறதோ?"

"நானாய்ப் போய் அவன்ரை வாசல்லை நிக்கமாட்டன்."

"வாசலுக்குப் போகவேண்டாம். பொது இடத்திலை கண்டால் கதைக்கலாம்தானே?"

அவள் தேடிப் பிடித்த பொது இடம் ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே, ஹலிபேர்ட்டன் பக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலை ஸ்காபரோவில் பஸ் ஏறியபோது அன்புராசாவின் உடம்பில் இரண்டு பனியன், மூன்று சுவெட்டர், அதற்கு மேல் கோட், தலையில் குரங்குத் தொப்பி எல்லாம் இருந்தன. கைகளைக் கீழே தொங்கவிட முடியாமல் கொஞ்சம் விரித்தபடியே நடந்தார். மடியில் ரதி கட்டிக்கொடுத்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் பெட்டி. ஒருவர் தின்னக்கூடிய அளவைவிட அது மிகவும் பெரியது.

விட்பியில் பஸ் நின்றது. ஏறியவர்களில் கடைசி ஆள் நவரட்ணம். அவர் தலையிலும் அதே மாதிரிக் குரங்குத் தொப்பி. பஸ்ஸில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இருக்கை, அன்புராசாவுக்குப் பக்கத்தில். நவரட்ணம் அந்த இருக்கையைப் பார்த்தார். பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். பிறகு முன்னுக்குப் போய், சாரதிக்குப் பின்னால் குளிர்பானம் வைத்திருந்த பிளாஸ்ரிக் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் பெட்டி சறுக்கியது. அவரும் சறுக்கினார். ஹலிபேர்ட்டன் வரை எழும்பவில்லை.

வழிகாட்டியின் பெயர் ஹெதர். இருபத்தைந்து வயதிருக்கும், ஆள் சின்னவள், குரல் பெரியது. எல்லோருடைய சப்பாத்துக்கும் அடியில் இரும்புப் பற்கள் பூட்டி, தலைக்கவசம் மாட்டி, இடுப்பிலும் தொடைகளிலும் வார் இறுக்கி, உறைந்த ஏரிக்கு மேலால் வரிசையாக நடத்திப் போனாள். கால்களை அகட்டி நடக்கச் சொன்னாள். நாற்பது பேர் வாத்துகளைப்போல நடந்தார்கள். ஏரி அடிக்கடி வயிறு இரைவதுபோல ஒரு சத்தம் போட்டது.

"இது தாங்குமா?" என்று அன்புராசா ஹெதரைக் கேட்டார்.

"லொறியே போகும்," என்றாள்.

"லொறிக்குச் சில்லு நாலு," என்றார் அன்புராசா தமிழில், தனக்குள். முன்னால் போன நவரட்ணத்தின் தோள்கள் ஒருமுறை குலுங்கின. சிரித்தாரா, வழுக்கினாரா தெரியவில்லை.

ஏரியின் அக்கரையில் பாறை நின்றது. அதன் உச்சியிலிருந்து கசிந்த ஊற்று நீர் வழிய வழிய உறைந்து, மூன்று மாடி உயரத்துக்கு நீலமும் வெள்ளையுமாகத் தொங்கியது. ஆள் தடிப்பில் ஐஸ் விழுதுகள். கயிறுகள் முன்கூட்டியே கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு கயிறும் உச்சியிலுள்ள வளையத்துக்குள்ளால் போய் இரண்டு முனையும் கீழே வந்தன. ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்பில், மறுமுனை நிலத்தில் நிற்கிறவரின் இடுப்பில். ஏறுகிறவர் ஏற ஏற நிற்கிறவர் கயிற்றை இழுத்து இறுக்க வேண்டும். ஏறுகிறவர் வழுக்கினால் நிற்கிறவர்தான் தாங்க வேண்டும். இறங்கும்போது, இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கதிரையில் உட்காருவதுபோலப் பின்னால் சாய வேண்டும். நிற்கிறவர் மெல்ல மெல்ல இறக்கிவிடுவார்.

"உங்கள் கூட்டாளியை நம்புங்கள். இந்த விளையாட்டில் அதுதான் எல்லாம்," என்றாள் ஹெதர். பிறகு சோடி சேர்த்தாள். மெக்சிக்கோக்காரர் இருவர். போலந்துக்காரர் இருவர். குரங்குத் தொப்பிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் ஒரே மொழிதானே பேசுகிறீர்கள்?"

"இல்லை," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ஹெதர் அதைப் பகிடியென்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அருமை! அவசரத்துக்குச் சொந்த மொழி இருக்கிறமாதிரி ஒரு பாதுகாப்பும் இல்லை." கயிற்றின் ஒரு முனையை அன்புராசாவின் இடுப்பிலும் மறுமுனையை நவரட்ணத்தின் இடுப்பிலும் பூட்டினாள். புதியவர்கள் என்பதால் கயிற்றின் வாலைத் தானும் பிடித்துக்கொண்டு நவரட்ணத்தின் பின்னால் நின்றாள்.

ரதி போட்ட திட்டத்தில் இந்தக் கட்டம் இருந்திருக்காது என்று அன்புராசா நினைத்தார்.

இரண்டு கையிலும் பனிக்கோடரி. ஒன்றை ஓங்கிக் கொத்தினார். ஐஸ் சிதறி மூக்கில் அடித்தது. மறு கோடரி ஒருவழியாகக் குத்தி நின்றது. காலால் உதைத்து ஒரு முழம் ஏறினார். கயிறு வயிற்றுக்கு முன்னால் தொய்ந்து தொங்கியது. அவர் ஆங்கிலத்தில் ஹெதரிடம், கயிற்றை இழுக்கும்படி அந்த மனிதரிடம் தயவுசெய்து சொல்லுமாறு கேட்டார்.

"அவர் இங்கேதானே நிற்கிறார்! நேராகவே சொல்லுங்கள்."

அன்புராசா கொஞ்சம் யோசித்தார். பிறகு முன்னாலிருந்த ஐஸைப் பார்த்துச் சொன்னார்: "கயிறு தொளதொளவெண்டு கிடக்குது. பிடிக்கிறவைக்குத் தெரியாட்டி ஆரையும் கேட்டுப் பிடிக்கட்டும்."

நவரட்ணம் காலடியிலிருந்த பனியைப் பார்த்து மறுமொழி சொன்னார்: "ஏறினால்தானே இறுக்கலாம். நிலத்திலை நிண்டுகொண்டு இறுக்கு இறுக்கு எண்டால், ஆக்களை நான் தூக்கியோ விடுறது?"

"நல்லது! பேசிக்கொண்டே இருங்கள்!" என்றாள் ஹெதர்.

ரோசம் சில வேளைகளில் நல்ல ஏணி. அன்புராசா கொத்தினார், உதைத்தார், மூச்சு வாங்கினார், ஏறினார். ஒன்றரை மாடி உயரத்தில், எவ்வளவு தூரம் வந்தோம் என்று பார்ப்பதற்காகக் கீழே பார்த்தார். அதுதான் அவர் செய்த பிழை. ஏரி ஒரு வெள்ளைத் தட்டுப்போலத் தெரிந்தது. மனிதர்கள் தலைக்கவசங்களாகத் தெரிந்தார்கள். அவருடைய வலது முழங்கால் தொழிற்சாலைத் தையல் ஊசிபோல மேலும் கீழும் அடிக்கத் தொடங்கியது. இரண்டு கோடரிகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"போதும், நன்றாக ஏறினீர்கள்! கையை விட்டுவிட்டுச் சாயுங்கள்!" என்று ஹெதர் கூவினாள். இரண்டாம் முறையும் கூவினாள்.

"கையை விடட்டாம்," என்றது நவரட்ணத்தின் குரல்.

"கேட்டது. எனக்கும் காது இருக்கு."

"அப்ப விடுறதுக்கு என்ன?"

"கயிறு பிடிச்சிருக்கிறது ஆர் எண்டு யோசிக்கிறன்."

கீழேயிருந்து நவரட்ணம், மூன்று வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அன்பு! என்னை என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீர்? உம்மை விழுத்திப்போட்டு என்ரை தங்கச்சிக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"மெஷினிலை சொல்லும்! உமக்கு அதுதானே பழக்கம்!"

"ஓ, அங்கை நிண்டும் அதைத்தான் கதைக்கிறீரோ? மெஷின் எண்டாலும் அது என்ரை குரல்தானே!"

"தபால் எண்டாலும் அது என்ரை கையெழுத்துத்தானே!"

"முத்திரை ஒட்டினீர், அன்பு! தாய்மாமனுக்கு முத்திரை! கரண்ட் பில்லோடை சேந்து வந்தது!"

"நீக்கிலாப்பிள்ளைக்கு வீடு தேடிப்போய்ச் சொன்னனீர்! சொந்தக்காரன் நான் மெஷினோடை நிண்டனான்!"

"ஆர் வீடு தேடிப்போனது? அந்தாள்தான் எங்கடை வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சது! ஏணியிலை நிண்டவரிட்டை ஞாயிற்றுக்கிழமை வாரும் எண்டு சொன்னனான்! உமக்கு ஆர் உந்தக் கதையெல்லாம் சொல்லுறது?"

இது அன்புராசாவுக்குப் புதிய செய்தி. மூன்று வருடக் கோபத்தின் ஒரு தூண் ஒன்றரை மாடி உயரத்தில் ஆட்டம் கண்டது. கீழே மெக்சிக்கோக்காரரும் போலந்துக்காரரும் தங்கள் கயிறுகளை விட்டு வந்து வளைந்து நின்று பார்த்தார்கள். "பாருங்கள், இப்படித்தான் ஏறுகிறவரும் பிடிக்கிறவரும் விடாமல் தொடர்பு வைத்திருக்க வேண்டும்," என்று ஹெதர் அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள்.

அப்போது தையல் ஊசிக் கால் பனியிலிருந்து கழன்றது. இன்னொரு காலும் பின்னால் போனது. கோடரிப் பிடிகள் கையை விட்டு நழுவின. அன்புராசாவின் வாயிலிருந்து தெய்வத்தின் பெயர் பாதிதான் வெளியே வந்தது, மீதி உள்ளேயே நின்றது. ஏனென்றால் அவர் விழவில்லை. ஒரு சாண்கூடக் கீழே வரவில்லை. கயிறு அவ்வளவு இறுக்கமாக இருந்தது. நவரட்ணம் தன் முழுப் பாரத்தோடும் பின்னால் சாய்ந்து, குதிகளைப் பனிக்குள் புதைத்து நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு வாக்குவாதத்திலும் கை ஒருமுறைகூடக் கயிற்றிலிருந்து எழவில்லை. அரிசி மூட்டை இறக்குவதுபோல அன்புராசாவைப் பக்குவமாக இறக்கி நிலத்தில் வைத்தார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். அன்புராசா ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தார். அதற்குள் நவரட்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரதிக்காகத்தான் பிடிச்சனான்," என்றார்.

இனி முறை மாறியது. நவரட்ணம் ஏற, அன்புராசா பிடிக்க வேண்டும்.

நவரட்ணம் இரண்டு உள்ளங்கையையும் தட்டி, வேறு இரண்டு கோடரிகளை வாங்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினார். மேற்பார்வையாளர் அல்லவா. அன்புராசா முன்பு தொங்கி நின்ற உயரத்தைக் கடந்தபோது வேண்டுமென்றே சத்தமாகக் கொத்தினார். மேலும் ஏறி, உச்சியிலுள்ள வளையத்தைக் கோடரியால் 'டங்' என்று தட்டினார். கீழே கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்களைப் பார்ப்பதற்காக அவர் திரும்பினார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவர் திருப்பின தலை திருப்பினபடியே இருந்தது.

"சாயுங்கள்!" என்றாள் ஹெதர். நவரட்ணம் சாயவில்லை. ஐஸை அணைத்துக்கொண்டார். குரங்குத் தொப்பிக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"அன்பு… பிடிச்சிருக்கிறீரோ?"

"பிடிச்சிருக்கிறன்."

"இறுக்கியோ?"

"இறுக்கித்தான்."

"ஒருக்கா இழுத்துக் காட்டும்."

அன்புராசா இழுத்துக் காட்டினார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மச்சான். இப்படி ஒரு நிலையில் கேட்கக்கூடிய கேள்விகள் சில அவருக்குத் தோன்றாமலில்லை. மெஷின் விஷயத்தையே மறுபடி எடுக்கலாம். இப்போது நல்ல மறுமொழி வரும். அவர் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போது மறுமொழி தானாகவே வந்தது.

"அன்பு, நான் வாறன்."

"இறங்கவோ?"

"சாமத்திய வீட்டுக்கு! கல்யாணியையும் கூட்டிக்கொண்டு வாறன். தேங்காய் உடைக்கிறன், எல்லாம் செய்யிறன். நீர் கயிற்றை மட்டும் விட்டிடாதையும்!"

இதற்குத்தான் அவர் மூன்று சுவெட்டரோடு மூன்று மணி நேரம் வந்தது. "சரி" என்று ஒரு சொல் சொன்னால் போதும். மண்டபம் தப்பும், ரதி சிரிப்பாள். ஆனால் அன்புராசாவுக்கு அந்தச் சொல் வரவில்லை. அண்ணை என்ன சொன்னவர் என்று ரதி கேட்பாள். வாறன் எண்டவர் என்று சொல்லலாம். எங்கை வைச்சுச் சொன்னவர் என்று கேட்டால்? ஐஸிலை தொங்கவிட்டு வாங்கின சம்மதம் என்று சொல்லவோ? பிள்ளைக்கு நீர் வார்க்க வருகிறவன் அப்படியா வரவேண்டும்? கீழே நிற்கிற போலந்துக்காரனைக் கேட்டாலும் முறையில்லை என்றுதான் சொல்வான். கரண்ட் பில்லோடு சேர்ந்து வந்த அந்த உறை அவருடைய கண்ணுக்குள் வந்து நின்றது.

"அதுக்கு நீர் இப்ப மறுமொழி சொல்லேலாது!" என்று கத்தினார்.

"ஏன்? என்ன பிழை?"

"நான் இன்னும் அழைக்கேல்லை!"

"கார்ட் வந்ததெண்டு சொன்னன்தானே!"

"அதைக் கிழிச்சு எறியும்! அது தபால். நானும் ரதியும் நாளைக்கு உம்மடை வீட்டை வருவம். தட்டத்தோடை வந்து முறையாச் சொல்லுவம். அதுக்குப் பிறகு வாறதோ வராததோ எண்டு நீர் நிலத்திலை நிண்டு, நல்லா யோசிச்சுச் சொல்லும்!"

ஐஸோடு ஒட்டியிருந்த குரங்குத் தொப்பி மெல்லத் திரும்பிக் கீழே பார்த்தது. ஒரு கணம் அந்த முகத்தில் உயரப் பயம் இருக்கவில்லை.

"மெய்யே, அன்பு? வருவீரோ?"

"வாறன் எண்டு சொல்லுறன்."

"அப்ப என்னை முதல் நிலத்திலை நிக்க விடும்!"

"கையை விடும், இறக்கிறன்."

"விட்டிட்டன்!"

உண்மையிலேயே விட்டிருந்தார். இரண்டு கோடரிகளும் உச்சியில் ஐஸில் குத்தி நிற்க, நவரட்ணம் கைகளை விரித்தபடி, கண்ணை மூடியபடி, இருப்பதற்கு ஒரு கதிரையும் இல்லாத வெளியில் உட்கார்ந்து இறங்கி வந்தார். கோடரிகளை எடுக்க ஹெதர் பிறகு மேலே போகவேண்டியிருந்தது. இவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டு ஏறிய சோடியைத் தான் இந்தப் பருவத்தில் காணவில்லை என்று அவள் கம்பெனி அதிகாரியிடம் சொன்னாள். அந்த அதிகாரி அதைத் தன் யோசனைக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது நவரட்ணம் அன்புராசாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ரோல்ஸ் பெட்டி இரண்டு மடிகளுக்கும் நடுவில் இருந்தது. பஸ் கண்ணாடி ஆவி பிடித்து வெள்ளையாகியிருந்தது. நவரட்ணம் எண்ணெய் விரலால் அதில் கோடு கீறினார்.

"இது ஹைவே. விட்பி எக்ஸிட்டிலை இறங்கி வடக்கை வாரும். இஞ்சை ஒரு சிக்னல். அதை விட்டு அடுத்ததிலை திரும்பவேணும். அங்காலை எல்லா வீடும் ஒரே மாதிரி. எல்லாரும் அங்கைதான் துலையிறது." ஒரு பெட்டி கீறினார். "இதுதான் எங்கடை. விளங்காட்டி ரதியைக் கேளும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் சரியா வந்து நிப்பாள்."

சொல்லி முடித்த பிறகு நவரட்ணத்தின் விரல் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

அன்புராசா ரோல்ஸை மெல்லுவதை நிறுத்தினார். "ரதி உம்மடை வீட்டை எப்ப வந்தவள்?"

"அது… பிக்கரிங் வரைக்கும் ரெயிலிலை வந்தால் கல்யாணி போய் ஏத்துறவள்."

"எப்பிடி எண்டு கேக்கேல்லை. எப்ப எண்டு கேட்டனான்."

"புதன்கிழமையிலை."

"எந்தப் புதன்கிழமை?"

நவரட்ணம் பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். அங்கே உதவி எதுவும் எழுதியிருக்கவில்லை. "எல்லாப் புதன்கிழமையும்தான்," என்றார்.

"கஜனியும் வாறவளோ?"

"பள்ளிக்கூட லீவெண்டால் வருவாள். அவளுக்கு எங்கடை பேஸ்மென்றிலை ஒரு கட்டில் கிடக்கு."

பஸ் ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கியது. அன்புராசா கோபப்படலாமா என்று கணக்குப் பார்த்தார். ஒரு கோபத்தைத் தொடங்கி ஒழுங்காக நடத்துவதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று அவருக்கு அனுபவம் இருந்தது. ஏப்ரலுக்கு இடையில் நேரம் போதாது.

"அப்ப உம்மடை வீட்டை நான் ஒருத்தன்தான் பாக்கேல்லை," என்றார்.

"நீர் ஒருத்தர்தான்."

அன்புராசா மிச்ச ரோல்ஸை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் உருகி வழியத் தொடங்கியிருந்த கோடுகளைக் குனிந்து பார்த்தார்.

"அந்த ரெண்டாவது சிக்னலிலை இடப்பக்கமோ, வலப்பக்கமோ திரும்புறது?" என்று கேட்டார்.